எத்தனை மணி வண்டி?

எங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். பெயரைக் கேட்பது இரண்டாம் பட்சம். உத்தியோகமும் சம்பளமும் அதற்கும் அப்பால். யார் வீடு என்று தெரிந்துவிட்டால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். தாத்தா எந்த வழக்கில் எந்தத் தோட்டத்தைத் தோற்றார், பெரிய அத்தையை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, அங்கே அவளுக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் கேட்டவருக்கே ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். பதில் சொன்னவன் அதற்கப்புறம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவனுடைய சரித்திரத்தைக் கேட்டவரே அவனுக்குச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஊர் ஆலங்குளம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில் நடுவழியில் இருக்கிறது. சென்னையில் இந்தப் பெயரைச் சொன்னால், "ஓ, சிமெண்டு ஆலை இருக்கே, அந்த ஆலங்குளமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். எங்கள் ஊரில் சிமெண்டு கிடையாது. தக்காளியும் சின்ன வெங்காயமும் கத்தரிக்காயும் உண்டு. அவற்றை ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போகிற லாரிகள் உண்டு. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் எங்களுக்கென்று அனுப்பி வைக்கிற காற்று உண்டு. ரயில் மாத்திரம் இல்லை. 1903-ம் வருஷம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டைக்குத் தண்டவாளம் போட்டவர்கள் அம்பாசமுத்திரம், கடையம், பாவூர்ச்சத்திரம் என்று தெற்கே சுற்றிக்கொண்டு தென்காசிக்குப் போய்விட்டார்கள். ரயிலை வேடிக்கை பார்ப்பதற்கே நாங்கள் பாவூர்ச்சத்திரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

அப்படி வளர்ந்தவன், 2004-ம் வருஷம் முதல் சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு, நாள் தவறாமல் மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்துக்குப் போய் வருகிறேன். கதை எழுதுவது என் தொழில் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அரிசிக்காரரும் வீட்டுக்காரரும் அப்படி நினைப்பதில்லை. ஆகவே பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் உத்தியோகம். இங்கே வந்த புதிதில் எதிர்வீட்டுக்காரர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணி வண்டி சார்?" என்பது. "எட்டுப் பத்து" என்றேன். "நமக்கு ஏழு நாற்பது" என்றார். பரஸ்பர அறிமுகம் முடிந்துவிட்டது. ஆறு வருஷம் எதிரும் புதிருமாக இருந்துவிட்டு அவர் வீடு மாற்றிப் போனார். ஏழு நாற்பது என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

இந்தப் பிரதேசம் உண்டான விதமே அப்படித்தான். திட்டம் போட்டு ஒருவரும் இதைக் கட்டவில்லை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் குரோம் உப்பினால் தோல் பதனிடும் ஆலை ஒன்றை வைத்தார். அந்தக் குரோம்தான் குரோம்பேட்டையின் பெயரில் நிற்கிறது. 1928-ம் வருஷம் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் கட்டினார். அது ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. விமானப்படை வந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்கிற தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. 1984-ல் ஏற்றுமதிச் சரக்குகளுக்கென்று ஒரு தொழில் மண்டலம் வந்தது. தோலுக்காக வந்தவர்கள், நுரையீரலுக்காக வந்தவர்கள், படிப்புக்காக வந்தவர்கள், பட்டாளத்துக்காக வந்தவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக இறங்கிற்று. இவர்களையெல்லாம் சேர்த்துக் கோத்த கயிறு ரயில்தான். பம்பாயில் 1925-ல் மின்சார ரயில் ஓடியது. ஆறு வருஷம் கழித்து, 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடியது. சுமார் 30 கிலோமீட்டர். பட்டணத்தில் வேலை, புறத்தே வீடு என்கிற வாழ்க்கை அந்தப் பாதையில்தான் நீண்டது. பழைய மீட்டர் கேஜ் வண்டிகள் நான் வந்த வருஷத்தோடு நின்றன. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஆனாலும் இங்கே ஒருவரை "எந்த ஊர்?" என்று கேட்டால் தாம்பரம் என்று சொல்லமாட்டார். ஆரணி என்பார், நெல்லூர் என்பார், பாலக்காடு என்பார்.

காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் தெருவைப் பார்த்தால் திருவிழா முடிந்த மறுநாள் மாதிரி இருக்கும். சம்பாதிக்கிறவர்கள் எல்லாரும் வண்டி ஏறியாகிவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் வயதானவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், காய்கறி வண்டிக்காரர், இரண்டு நாய்கள். இவர்களுக்கென்று வேறொரு சமூகம் உண்டு. 2019 கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களோடு நின்ற நாட்களில் என் மனைவிக்கு நாற்பது வீடுகள் பழக்கமாயின. எந்த வீட்டில் சர்க்கரை நோய், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கள் தெருவைப் பற்றி நான் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவளைத்தான் விசாரிக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கோ மகளிர் பெட்டி. பூத்தொடுப்பதும், கீரை ஆய்வதும், மருமகளைப் பற்றிப் பேசுவதும் அங்கே நடப்பதாகக் கேள்வி.

யாரும் யாரையும் விசாரிக்காத இந்த வாழ்க்கை ஆரம்பத்தில் எனக்கு வெகுவாகப் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பது கேட்பதற்கு இனிமையான விஷயம். அதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பையன் எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவன் எந்தத் தெரு என்பது என் வீட்டுக்குத் தெரியும், எங்கள் வீடு எது என்பது அவனுக்குத் தெரியும். அது போதுமாயிருந்தது. எட்டுப் பத்து வண்டியில் இடித்துக்கொண்டு உட்காரும்போது, பக்கத்திலிருப்பவரின் தெரு எது என்று எனக்குத் தெரியாது என்ற நினைப்பே ஒரு காற்றுப் போல இருந்தது.

அதற்காகப் புறநகரைச் சொர்க்கம் என்று எழுதிவிட மாட்டேன். இங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அந்த உண்மை தெரியும். தரகர் தொலைபேசியில் வாடகையைச் சொல்லிவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். அவ்வளவு பட்டவர்த்தனமாகக் கேட்கக் கூச்சப்படுகிற வீட்டுக்காரர், "சைவமா, அசைவமா?" என்று கேட்பார். கேள்வி இரண்டும் ஒன்றுதான். ரயிலில் கேட்காத கேள்வியை வாசற்படியில் கேட்கிறார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மாடி மட்டத்துக்கு மூழ்கின. எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீரோடு போயிற்று. ஆனால் மின்சாரம் இல்லை, ரயில் இல்லை, கைத்தொலைபேசியில் உயிர் இல்லை. ஆலங்குளத்தில் என் தாயார் டெலிவிஷனில் தாம்பரத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் தவிர வேறு யாரைக் கேட்டால் என் சேதி தெரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் என் குரலைக் கேட்டதும் அழவில்லை. "நல்லாயிருக்கியாய்யா?" என்று மாத்திரம் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அவளை அழைத்துவந்து இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் படித்தாள். ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது கேட்டாள்:

"இந்தத் தெருவுல யாரு எந்த ஊருன்னு உனக்குத் தெரியுமா?"

"சில பேர் தெரியும்."

"உன் கூட ரயில்ல போறாவளே, அவுக வீடு எது, பிள்ளைக யாருன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா? நம்ம ஊர்ல ஒருத்தன் விழுந்தா பத்து நிமிஷத்துல ஊருக்கே தெரியும். இங்க நீ விழுந்தா யாருக்குத் தெரியும்?"

என் மனைவி, "நான் இருக்கேனே அத்தை" என்றாள். "நீ இருக்க தாயி. உன்னையும் சேத்துத்தான் கேக்கேன்" என்றாள் அம்மா. அவளுக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

எட்டுப் பத்து வண்டியில் எங்கள் கூட்டம் ஐந்து பேர். பம்பாய் லோகல் வண்டிகளில் ஜால்ராவோடு பஜனை பாடுகிற கோஷ்டிகள் உண்டு. எங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. எங்களைச் சேர்த்தது ஒரு தினசரிப் பத்திரிகை. ஒடிசாவிலிருந்து வந்து எழும்பூர்ப் பக்கம் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கும் பையன், வண்டி புறப்படுகிற தாம்பரத்திலேயே ஏறித் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பான். அடுத்த நிலையமான சானடோரியத்தில் ஏறுகிறவர் கணக்கர். பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர், தெலுங்கு பேசுகிறவர். பத்திரிகை அவருடையது. குரோம்பேட்டையில் நானும் பாலக்காட்டுக்காரர் ஒருவரும் ஏறுவோம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி பாய் ஏறுவார். அதற்குள் கணக்கர் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார். விலைவாசிப் பக்கம் பாய்க்கு. அரசியல் பாலக்காட்டுக்காரருக்கு. ஒடிசாப் பையன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. ஆகவே சினிமாப் படம் போட்ட பக்கம் அவனுக்கு. எனக்குத் தலையங்கம். "கதை எழுதறவர் சார், நல்ல வார்த்தையாப் படிங்க" என்பார். மரண அறிவித்தல்கள் உள்ள பக்கத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்வார். முக்கால் மணி நேரத்தில் கடற்கரை வந்துவிடும். பக்கங்களையெல்லாம் வாங்கி, வரிசை மாறாமல் மறுபடி ஒரே பத்திரிகையாக மடித்துக்கொண்டு இறங்குவார். மாலையில் அவருடைய மனைவி படிக்க வேண்டுமாம்.

2018-ம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கணக்கர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவருடைய தொலைபேசி எண் பாலக்காட்டுக்காரரிடம் மாத்திரம் இருந்தது. தினமும் பார்க்கிற மனிதருக்குப் போன் எதற்கு என்று மற்றவர்கள் வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்த எண்ணும் அணைந்து கிடந்தது. வியாழக்கிழமை பாய் சொன்னார்: "நாலு நாள் ஆச்சு. ஒரு மனுஷன் பத்து வருஷமா எதிரே உட்கார்ந்திருக்காரு. வீடு எங்கேன்னு நம்மில ஒருத்தருக்கும் தெரியலையே."

எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் சானடோரியம் நிலையத்தில் கூடினோம். சைக்கிள் ஸ்டாண்டில் விசாரிப்பது என்பது ஒடிசாப் பையனின் யோசனை. அடையாளம் சொன்னதும் ஸ்டாண்டுக்காரர், "பச்சை சைக்கிள், முன்னாடி கூடை வச்சது. ஒரு வாரமா வரல்லே" என்றார். ஒரு மழை நாளில் சைக்கிளை அவரே வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, கருவேப்பிலை மரம் நிற்கிற வீடு.

கதவைத் திறந்தவர் கணக்கரின் மனைவி. வாசலில் நால்வர் நிற்பதைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு, "எட்டுப் பத்தா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றோம். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, நாங்கள் சொல்லாமலே சொன்னார். "நீங்க திருநெல்வேலி, கதை எழுதறவர். உங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. நீங்க பாலக்காடு, பொண்ணு நர்சுக்குப் படிக்குது. நீங்க பாய், முட்டி வலிக்கு எண்ணெய் சொன்னவர். நீ ஒரியாக்காரப் பிள்ளை, துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன்." கணக்கர் மாலைதோறும் பத்திரிகையை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்களையும் கொண்டுபோயிருக்கிறார். அந்த அம்மாள் எங்களைப் பத்து வருஷமாக அறிவார்.

பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். ஒரே மகள், நெல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், வந்திருந்தாள். எங்களுக்குச் சொல்லியனுப்ப அந்த அம்மாள் முயன்றிருக்கிறார். ஆனால் தொலைபேசியைத் திறக்கும் ரகசிய எண் அவருக்கு மாத்திரம் தெரிந்தது, அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. கட்டிலில் கிடந்த கணக்கர் எங்களைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி எதையோ நாலாகப் பிரிப்பதுபோலக் காட்டினார். பத்திரிகையைச் சொல்கிறார் என்று ஒடிசாப் பையனுக்குத்தான் முதலில் புரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை விஸ்தரிக்க வேண்டியதில்லை. வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். பாலக்காட்டுக்காரருக்குக் காகித விவகாரங்கள் அத்துபடி. சேமநிதிப் பணம் அவர் பொறுப்பு. பாய் புதன்கிழமை தோறும் ஆட்டோ வைத்து உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துப்போனார். ஆளைத் தூக்கி உட்கார வைப்பது பையன் வேலை. எனக்கு எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதாகையால் விண்ணப்பங்கள் என் பங்குக்கு வந்தன. நான் எழுதிய எதுவும் அந்த விண்ணப்பங்களைப் போல இவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டிருக்காது. எட்டு மாதத்தில் தடியூன்றி நடந்தார். பேச்சு வந்தது, முதலில் தெலுங்கு, அப்புறம் தமிழ். உத்தியோகம் போனது போனதுதான். ஆனால் சில நாட்களில் காலை வேளையில் சானடோரியம் நிலையத்துக்கு நடந்து வருவார். வண்டி நிற்கிற அரை நிமிஷத்தில், பிரித்து மடித்த பக்கங்களை ஜன்னல் வழியாக ஒடிசாப் பையன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். மரண அறிவித்தல் பக்கம் அதில் இராது.

2020 மார்ச்சில் வண்டி நின்றது. 1931 முதல் ஓடிய பாதை மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. மே மாதம் ஒடிசாப் பையன் சிறப்பு ரயிலில் கஞ்சம் மாவட்டத்துக்குப் போனான். ஜூலையில் ஒரு விடிகாலையில் கணக்கர் இறந்துபோனார். இந்தத் தடவை அந்த அம்மாளுக்கு எங்கள் எண்கள் எல்லாம் தெரியும். பத்து நிமிஷத்துக்குள் நால்வருக்கும் சேதி வந்துவிட்டது. சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடாது என்று சட்டம். நானும் பாயும் பாலக்காட்டுக்காரரும் முகத்தை மூடிக்கொண்டு போய் நின்றோம். பையன் போனில் அழுதான். காரியம் செய்ய வந்தவர் கேட்ட கேள்விகளுக்கு அந்த அம்மாள் சொன்ன பதிலிலிருந்துதான் கணக்கர் என்ன சாதி என்று எங்களுக்கு முதல்முதலாகத் தெரிந்தது. தெரிந்ததனால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் பந்தற்காலில் சாய்ந்துகொண்டு மனசுக்குள் தம் வழக்கப்படி எதையோ ஓதினார்.

இதைப் படித்துவிட்டு, புறநகர் ரயிலெல்லாம் ஒரே குடும்பம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு எதிர் வரிசையில் ஜன்னலோரத்தில் ஒரு கிழவர் வருவார். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பார். எங்கள் பேச்சைக் கேட்டு அவ்வப்போது தமக்குள் சிரிப்பார். மறு வருஷம் வண்டி பழையபடி ஓட ஆரம்பித்தபோது ஒடிசாப் பையன் திரும்பி வந்துவிட்டான். அந்தக் கிழவர் வரவில்லை. அவர் எந்த நிலையத்தில் ஏறினார் என்றுகூட எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. நாங்கள் ஏறும்போதே அங்கே இருப்பார். ஒரு வண்டியில் ஆயிரம் பேர் போகிறோம். நாங்கள் ஐந்து பேருக்குள் அறிந்துகொண்டோம். ஊரில் அறிமுகம் பிறக்கும்போதே கிடைக்கிறது, வேண்டாமென்றாலும் விடாது. இங்கே அதை யாராவது ஓர் ஆள், பத்திரிகையைப் பிரித்துக் கொடுப்பதுபோல, வேலை மெனக்கெட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஓர் ஆள் வாய்க்காத பெஞ்சுகள்தான் அதிகம். 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் குளிர்சாதன வண்டியும் வந்துவிட்டது. சௌகரியமாகத்தான் இருக்கிறது. அதன் ஜன்னல் வழியாகப் பத்திரிகை கொடுக்க முடியாது.

இதற்குள் ஆலங்குளமும் பழைய ஆலங்குளமாக இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில் வந்துவிட்டது. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். ஓரத்து மரங்கள் போயின. ஊருக்கு வெளியே கத்தரிக்காய் விளைந்த இடத்தில் கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, ஏதோ ஒரு நகர் என்றார்கள். காலையில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் வேலைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிற ஜனங்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடும் வாடகைக்குப் போயிற்று. புருஷன் பெண்சாதி இருவரும் உத்தியோகஸ்தர்கள்; ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே.

ஆரம்பத்தில் அம்மா போனில் குறைபட்டுக்கொண்டாள். "யாரு எவருன்னே தெரியல. காலையில பூட்டிட்டுப் போறாவ, ராத்திரி வாராவ."

சில மாதம் கழித்து நானே கேட்டேன்: "பக்கத்து வீட்டுக்காரங்க எந்த ஊருன்னு விசாரிச்சியாம்மா?"

"என்னமோ தர்மபுரிப் பக்கமாம். அதுக்கு மேல கேட்டு என்ன செய்ய? அந்தப் பிள்ளை ஆறே முக்கா பஸ்ஸுக்குப் போவுது. சாவிய எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போவுது. பால்காரன் வந்தா நான்தான் வாங்கி வைக்கேன்."

கணக்கரின் கதையை அவளுக்கு முழுதும் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ரயில் ஆள்க நம்பர் எல்லாம் எனக்குப் பெரிய எழுத்துல எழுதி அனுப்பு" என்றாள். வெள்ளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பினேன். அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பதாக அண்ணன் சொன்னான்.

போன மாதம் குரோம்பேட்டை நிலையத்தில் பாலக்காட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அம்மா ராத்திரி போன் பண்ணினாங்க சார்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "என்ன விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. அப்புறம் என் பொண்ணுக்கு வரன் பார்க்கிறதைப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்க. வாராவாரம் பேசறதுதான். பாய்கிட்டேயும் பேசறாங்களாம், முட்டி வலி எப்படி இருக்குன்னு."

எனக்கு இது புதுச் செய்தி. என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஒடிசாப் பையன் ஜன்னல் வழியாகத் துண்டை ஆட்டினான்.